வெட்சி வளர்க்கத் தொடங்குவோருக்கு: மண் முதல் பூங்கொத்து வரை

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் என் பாட்டி வீட்டு முற்றத்தில் நின்ற வெட்சிச் செடியிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் இரண்டு குச்சிகளை ஒடித்து வேர்விடச் செய்தேன். ஒன்றை அங்கேயே கிணற்றடியில் நட்டேன். மற்றொன்றைச் சென்னையின் தென்புறநகரில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்து சுற்றுச்சுவரை ஒட்டி நட்டேன். யாரும் உரம் வைக்காத, கோடையில் மட்டும் தண்ணீர் பெற்ற கிணற்றடிச் செடி மூன்றாம் ஆண்டில் இடுப்பளவு உயர்ந்து, செடி தெரியாதபடி சிவந்து பூத்தது. நாள் தவறாமல் நீரும் மாதம் தவறாமல் உரமும் பெற்ற சென்னைச் செடியோ முழங்கால் உயரத்தைத் தாண்டாமல், எலுமிச்சம்பழ நிறத்துக்கு வெளுத்த கொழுந்துகளோடு நின்றது. இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். நட்ட கையும் ஒன்றுதான். மண்ணும் தண்ணீரும் மட்டுமே வேறு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. புதிதாக வெட்சி வளர்க்க வருபவர்கள் அந்த இரண்டு ஆண்டுகளை இழக்கக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு படியையும் காரணத்தோடு இங்கே எழுதுகிறேன்.

செடியைத் தெரிந்துகொள்ளுதல்

இட்லிப்பூ, விருட்சிப்பூ, தெச்சி, செச்சை என்று ஊருக்கொரு பெயரில் வழங்கும் வெட்சியை நாற்றுப் பண்ணைகளில் எக்ஸோரா என்று கேட்டால்தான் உடனே எடுத்துக் காட்டுகிறார்கள். 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்ட அந்தப் பேரினப் பெயரே ஈசுவரன் என்ற சொல்லின் திரிபு என்று கருதப்படுகிறது. இந்தப் பேரினத்தில் வெப்பமண்டல நாடுகளெங்கும் வளரும் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை புதர்கள், சில சிறு மரங்கள். பச்சையாக வெட்டினாலும் எரியும் என்பதால் முற்காலத்தில் தீப்பந்தமாகப் பயன்பட்ட சுளுந்து மரமும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். காப்பியும் நுணாவும் சற்றுத் தொலைவான உறவினர்கள். காப்பிச் செடியைப் போலவே வெட்சியிலும் இலைகள் எதிரெதிரே இணை இணையாக இருக்கும்; இணையின் இரண்டு அடிகளுக்கும் நடுவே முள்போல் கூர்ந்த ஒரு சிறு செதில் இருக்கும். அந்தச் செதிலைக் கண்டுகொண்டால் பூ இல்லாத காலத்திலும் செடியை அடையாளம் காணலாம்.

தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய நாட்டு வெட்சியின் இலைகளுக்குக் காம்பு இருப்பதே தெரியாது. பூவின் நான்கு இதழ்களும் கூர்மையாக முடியும். சீனத்தின் தென்பகுதியிலிருந்து மலேசியா வரை இயல்பாக வளரும் இனத்தின் இதழ்கள் நுனியில் உருண்டிருக்கும். வெள்ளையாக, நறுமணத்தோடு பூப்பது தாய்லாந்துப் பகுதியைச் சேர்ந்த இன்னோர் இனம். அது ஆள் உயரத்தைத் தாண்டி வளரக்கூடியது. பண்ணைகளில் அதிகம் விற்கும் குட்டை எக்ஸோரா முழங்கால் முதல் இடுப்பு வரை உயர்ந்து அடர்த்தியாக நிற்கும். முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு நாட்டுச் சிவப்பு வெட்சியையே பரிந்துரைப்பேன். அது நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. ஒரு தவறு நேர்ந்தாலும் மீண்டு எழும். மாடியில் தொட்டி மட்டுமே வைக்க முடியும் என்றால் குட்டை வகை பொருத்தமானது.

வெட்சி எந்த நிலத்துப் பூ என்பதைத் தமிழ் மரபு நன்றாகவே அறிந்திருந்தது. ஆநிரை கவரச் சென்றவர்கள் சூடிய இந்தப் பூவின் பெயரைப் பெற்ற வெட்சித் திணையைத் தொல்காப்பியம் மலை நிலமான குறிஞ்சிக்கு இணையான புறத்திணையாக வைக்கிறது. தோட்டக்காரருக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. மலைச்சாரலில் ஆண்டுதோறும் பெய்யும் பெருமழை மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோய்விடும்; மேலே விழும் இலைச்சருகு மக்கி மண்ணை மேலும் புளிக்க வைக்கும். அத்தகைய அமில மண்ணுக்குப் பழகிய வேர் வெட்சியின் வேர். அந்தச் சாரல் மண்ணை நம் வாசலில் ஒரு குழியளவுக்கு உண்டாக்கிக் கொடுப்பதுதான் வெட்சி வளர்ப்பில் பாதி வேலை.

முதற்படி: மண்ணையும் தண்ணீரையும் சோதித்தல்

செடி வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். நடப்போகும் இடத்தில் ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, நிழலில் உலர்த்தி, ஒரு கரண்டி மண்மேல் சமையலுக்குப் பயன்படும் வெள்ளை வினிகரை ஊற்றிக் காதருகே வைத்துப் பாருங்கள். நுரைத்துச் சீறினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். என் சென்னை வீட்டுச் சுவரோரத்தில் பிற்பாடு தோண்டியபோது, வீடு கட்டியவர்கள் போட்டு மூடிய சாந்துக் கட்டிகளும் செங்கல் தூளும் வந்தன. ஒரு கட்டியை உடைத்து வினிகரில் போட்டதும் கிண்ணம் முழுவதும் பொங்கியது. என் செடி இரண்டு ஆண்டுகளாக அதற்குள்தான் வேர் நீட்டிக்கொண்டிருந்தது.

நுரை வராவிட்டால் பெரும்பாலும் நல்ல செய்தி. ஆனாலும் துல்லியமான எண் தெரிந்திருப்பது நல்லது. மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ மண்ணையும் பாசன நீரையும் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். அறிக்கையில் வரும் பி.எச். எண், மண் அமிலமா (புளிப்பா) காரமா என்பதைக் காட்டும்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். மண்ணின் பி.எச். எண் 5-க்கும் 6-க்கும் இடையில் இருந்தால் வெட்சிக்கு மிகப் பொருத்தம். 6.5 வரை கவலையில்லை. 7-ஐத் தாண்டினால் மண்ணைத் திருத்த வேண்டும்; 8-ஐ நெருங்கினால் அந்த மண்ணோடு போராடாமல் வேறு மண் நிரப்புவதே அறிவு.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய செம்மண், சரளை மண் பகுதிகளிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் எந்தத் திருத்தமும் செய்ய வேண்டியிருக்காது. கரிசல் நிலத்திலும், சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) தட்டுப்படும் இடங்களிலும் நேரடியாக நடக் கூடாது. சுண்ணாம்புப் பாறையின்மேல் அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணற்று நீரே கடினமானது என்பதால் அங்கும் இதே கவனம் தேவை.

தண்ணீரைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. வாளியின் உட்புறத்திலும் குழாயின் வாயிலும் வெள்ளைப் பொருக்கு படிகிறதா என்று பாருங்கள். படிந்தால், அதே சுண்ணாம்பு ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் தொட்டி மண்ணிலும் சேர்கிறது. மிக நல்ல செம்மண்ணில் நட்ட செடிகூட ஆழ்துளைக் கிணற்று நீரால் ஓராண்டுக்குள் வெளுக்கத் தொடங்குவதற்கு இதுதான் காரணம். மழைநீரைச் சேமிக்கும் வசதி இருந்தால் அதன் முதல் பங்கு வெட்சிக்குப் போகட்டும். குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை என்பதால் அதையும் பயன்படுத்தலாம். எதுவும் இல்லாதபோது 10 லிட்டர் வாளிக்கு 2 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து 15 நாளுக்கு ஒரு முறை ஊற்றலாம். இது கைமருந்துதான், நிலையான தீர்வாக இதை நம்ப வேண்டாம்.

இரண்டாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

நாளொன்றுக்கு 5 முதல் 6 மணி நேரம் நேரடி வெயில் படும் இடமே பூக்கும் இடம். நிழலில் செடி சாகாது; இலை கரும்பச்சையாகச் செழித்து நிற்கும், கிளைகள் நீளும், பூ மட்டும் அருகிப்போகும். கிழக்கு வெயில் முழுவதும் கிடைத்து, பிற்பகல் இரண்டு மணிக்குமேல் லேசான நிழல் விழும் இடம் கிடைத்தால் கோடையில் நீர்த் தேவையும் குறையும்.

சிமென்டுச் சுவரிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் குறைந்தது 3 அடி தள்ளி நடுங்கள். மழை பெய்யும்போதெல்லாம் பூச்சிலிருந்து சுண்ணாம்பு கரைந்து சுவரடி மண்ணில் இறங்கிக்கொண்டே இருக்கும். நான் செய்த முதல் தவறு இதுதான். உதகை, கொடைக்கானல் போன்ற உறைபனி விழும் ஊர்களில் திறந்த வெளியில் வெட்சி நிலைக்காது. அங்கே இருப்பவர்கள் வேறு செடியை நாடுவது நல்லது.

மூன்றாம் படி: செடி வாங்குதல், அல்லது குச்சியிலிருந்து உண்டாக்குதல்

பண்ணையில் நிறையப் பூத்திருக்கும் செடிமேல்தான் கண் போகும். பூவைப் பார்க்காமல் கொழுந்தைப் பாருங்கள். புதிய இலை வெண்கல நிறத்தோடோ இளம்பச்சையாகவோ வந்து, இரண்டு வாரத்தில் கரும்பச்சையாக மாறுவது இயல்பு; முதிர்ந்த பிறகும் மஞ்சளாகவே நிற்கும் இலைகள் உள்ள செடியை விட்டுவிடுங்கள். அடியிலிருந்தே மூன்று நான்கு கிளைகள் பிரிந்த செடி, ஒற்றைத் தண்டாக நெடிது வளர்ந்ததைவிட மேல். இலையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்துப் பழுப்புச் செதில்களும் வெள்ளைப் பஞ்சும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு வாரம் அரைநிழலில் வைத்திருந்து பிறகு நட்டால் மொட்டு உதிர்வது குறையும்.

தெரிந்தவர் வீட்டில் நல்ல செடி இருந்தால் குச்சி வாங்கி வளர்ப்பதையே நான் விரும்புவேன். இலவசம் என்பது ஒரு காரணம்; பூவின் நிறமும் செடியின் வலிவும் கண்ணால் கண்டவை என்பது அதைவிடப் பெரிய காரணம். காற்றில் ஈரம் இருக்கும் ஆவணி, புரட்டாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. கொழுந்துத் தண்டும் வேண்டாம், பட்டை பழுத்த முதிர்ந்த தண்டும் வேண்டாம். பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய, வளைத்தால் வளைந்து பின் சட்டென ஒடியும் தண்டே சரியான பதம். அதில் பென்சில் பருமனுக்குச் சற்றுக் குறைவான, 10 முதல் 15 செ.மீ. நீளமுள்ள துண்டை, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். நுனியில் பூமொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். மேலே ஓர் இணை இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கி, விட்ட இலைகளையும் குறுக்கே பாதியாக நறுக்குங்கள்; வேர் இல்லாத குச்சி இழக்கும் நீரின் அளவு இதனால் பாதியாகும்.

கழுவிய மணலும் தென்னை நார்க்கழிவும் சம அளவு கலந்து, நனைத்துப் பிழிந்த துணியின் ஈரத்துக்குக் கொண்டுவந்து, கீழ்க்கணு உள்ளே இருக்கும்படி குச்சியைச் செருகுங்கள். வேர் ஊக்கித் தூள் இருந்தால் தொட்டுச் செருகலாம். இல்லாவிட்டாலும் வேர் வரும், சில குச்சிகள் கூடுதலாக வீணாகும் என்பதால் பத்துக் குச்சியாக வையுங்கள். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து, வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை உறையை அரை மணி நேரம் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். வேர்விட 4 முதல் 8 வாரங்கள் ஆகும். இடையில் பிடுங்கிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். பிடுங்கினால் அப்போதுதான் முளைத்த வேர் ஒடிந்துவிடும். புதிய இலை இணை ஒன்று முழுதாக விரிந்த பிறகு தனித்தனிப் பைக்கு மாற்றலாம். குச்சிகள் பிடிக்கவில்லை என்றால் தாழ்ந்த கிளையை மண்ணில் வளைத்துப் பதியம் போடுவதும், பட்டையை ஓர் அங்குலம் வளையமாக நீக்கி ஈரப்பாசி கட்டும் விண்பதியமும் நன்றாகப் பலன் தரும்.

நான்காம் படி: நடுதல்

நிலத்தில் நடுவதானால், மண் நல்ல செம்மண்ணாக இருக்கும் இடத்தில் ஒன்றரை அடி நீள, அகல, ஆழம் போதும். தோண்டிய மண்ணோடு அதில் பாதியளவு மக்கிய இலை உரத்தைக் கலந்து நிரப்பலாம். சுண்ணாம்பு உள்ள இடத்தில் இரண்டு அடிக் குழி எடுத்து, அந்த மண்ணை முழுவதுமாக வெளியேற்றி, வினிகருக்குச் சீறாத செம்மண் 2 பங்கு, மக்கிய இலை உரம் 2 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு சேர்த்து நிரப்புங்கள். கரிசலில் குழிக்குள் நீர் தேங்கும் என்பதால் தரைக்குமேல் ஓர் அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி அமைத்து நடுவது நல்லது. தொட்டிக்கும் இதே கலவைதான். குட்டை வகைக்கு 12 அங்குலத் தொட்டியும் நாட்டு வெட்சிக்கு 18 அங்குலத் தொட்டியும் தேவை. தென்னை நார்க்கட்டியில் உப்பு இருக்கும். ஊறவைத்த நீரை இரண்டு மூன்று முறை வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பண்ணைச் செடியின் பையைக் கிழித்ததும் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை ஒன்று இருக்கும். அப்படியே புதைத்தால் வேர் அந்த உருண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். விரல்களால் பக்கவாட்டில் மெல்லத் தளர்த்தி, வட்டமாகச் சுற்றிய வேர்களை நீட்டிவிட்டு, பையில் இருந்த அதே ஆழத்தில் நடுங்கள். வேலியாக வளர்க்க விரும்பினால் குட்டை வகைக்கு 2 அடி, நாட்டு வகைக்கு 3 அடி இடைவெளி வேண்டும். நட்டதும் நீர் ஊற்றி, தண்டைத் தொடாமல் ஒரு கை அகலம் தள்ளி இரண்டு அங்குலக் கனத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள். அந்த மூடாக்கு வெயில் காலத்தில் ஈரத்தைக் காக்கும், மக்கும்போது மண்ணைப் புளிப்பாகவும் வைத்திருக்கும். உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், அந்தக் குப்பையே வெட்சிக்குரிய உணவு என்பதைச் சொல்லிவையுங்கள்.

ஐந்தாம் படி: நீரும் உணவும்

விரலை மண்ணில் இரண்டாம் கணு வரை விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் ஊற்றுவது, ஈரம் இருந்தால் விடுவது என்பதுதான் விதி. கோடையில் தொட்டிக்கு நாள்தோறும், நிலத்துச் செடிக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்று இது அமையும். வேரடியில் நீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறி இலைகள் மஞ்சளாகும். அதைச் சத்துக் குறைவு என்று எண்ணி உரம் கொட்டக் கூடாது.

மாதம் ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் வைத்தாலே செடி நிறைவோடு வளரும். கூடுதலாகக் கொடுக்க விரும்புபவர்கள், கடைகளில் கிடைக்கும் உரங்களில் அம்மோனியம் சல்பேட்டைத் தேர்ந்தெடுங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மாற்றும்போது அமிலம் உண்டாவதால் தழைச்சத்தோடு (நைட்ரஜன்) புளிப்பும் சேர்ந்து கிடைக்கிறது. தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி, 45 நாளுக்கு ஒரு முறை, ஈரமான மண்ணில் தூவி நீர் ஊற்ற வேண்டும். கடலைப் பிண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றுவதும் நல்லது. மண்ணின் பி.எச். 7-ஐச் சற்றே தாண்டியிருந்தால், தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி கந்தகத் தூளை மேல்மண்ணில் கிளறிவிடலாம். நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க இரண்டு மூன்று மாதங்கள் எடுத்துக்கொள்ளும் என்பதால் பொறுத்திருக்க வேண்டும். வினிகருக்குப் பொங்கும் மண்ணில் கந்தகம் பயன் தராது, ஏனெனில் உண்டாகும் அமிலத்தையெல்லாம் சுண்ணாம்பு தின்றுவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல், எலும்புத் தூள் ஆகியவை வீட்டுத் தோட்டக்காரர்கள் எல்லாச் செடிக்கும் அன்போடு போடுபவை. இவற்றில் முட்டை ஓடு முழுக்கச் சுண்ணாம்பு. சாம்பல் கடுமையான காரம். எலும்புத் தூளிலோ சுண்ணாம்போடு மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகுந்திருப்பதால் அது இரும்பை வேருக்குக் கிடைக்காமல் கட்டிப்போடும். தக்காளிக்கும் கத்தரிக்கும் போட வேண்டுமானால் போடுங்கள்; வெட்சித் தொட்டிப் பக்கம் இவை வரவே கூடாது. காப்பித்தூள் சக்கை மண்ணைப் புளிக்கச் செய்யும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. சாறு இறங்கிய சக்கையில் அமிலம் சொற்பமே. அதை மக்க வைத்து உரமாகப் பயன்படுத்துவது நல்லது.

ஆறாம் படி: மஞ்சள் இலையைப் படித்தல்

வெட்சி வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியே. என் செடி வெளுத்தபோது நான் கேட்ட ஒரு நாற்றுக் கடைக்காரர் இன்னும் கொஞ்சம் உரம் போடச் சொன்னார். போட்டேன், வெளுப்பு கூடியது. கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த இலை மஞ்சளாகிறது என்பதே.

அடியிலுள்ள பழைய இலைகள் முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. செடி தன் பழைய இலையிலிருந்து அந்தச் சத்தை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடுகிறது. கொழுந்து இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சை வலைபோல் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு. இரும்பைப் பழைய இலையிலிருந்து நகர்த்த செடியால் முடியாது என்பதால் புதிய இலைதான் முதலில் பட்டினி கிடக்கிறது. நம் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. காரத்தன்மை மிகும்போது அது கரையாத துருவாகி வேருக்கு எட்டாமல் போகிறது. ஆகவே காரத்தைக் குறைப்பதுதான் நிலையான மருத்துவம். அதுவரை செடியைத் தாங்கிப் பிடிக்க இலைவழியாக இரும்பைக் கொடுக்கலாம்.

உரக்கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும் அன்னபேதி உப்புதான் (இரும்பு சல்பேட்) அந்த இரும்பு. மழைநீரோ சுத்திகரித்த குடிநீரோ ஒரு லிட்டர் எடுத்து, முதலில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பிறகு 3 கிராம் அன்னபேதியைப் போட்டுக் கலக்குங்கள். கரைசல் வெளிர்பச்சையாகத் தெளிந்திருக்க வேண்டும். பழுப்பேறிக் கலங்கினால் இரும்பு துருவாகிவிட்டது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். எலுமிச்சைச் சாறு சேர்ப்பது அந்தத் துருவேறுதலைத் தடுக்கத்தான். காலை எட்டு மணிக்கு முன் இலையின் இரு பக்கமும் நனையும்படி தெளியுங்கள். பூவிலும் தரையோட்டிலும் பட்டால் பழுப்புக் கறை விழும். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். குழந்தைகள் விழுங்கினால் பெருந்தீங்கு விளைவிக்கும் உப்பு இது என்பதால் எட்டாத இடத்தில் வையுங்கள்.

முதல் முறை ஒரே ஒரு கிளையில் மட்டும் தெளித்துப் பாருங்கள். நான் அப்படித் தெளித்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, மஞ்சள் இலையில் துளி விழுந்த இடங்கள் மட்டும் பச்சைப் புள்ளிகளாக மாறியிருந்தன. துளி படாத இடம் மஞ்சளாகவே இருந்தது. ஓர் இலையில் பதினாறு புள்ளிகளை எண்ணினேன். இரும்பு இலைக்குள் நகராது என்பதையும், என் செடிக்குக் குறை இரும்புதான் என்பதையும் அந்த ஓர் இலை ஒருங்கே சொல்லிவிட்டது. பச்சைப் புள்ளி தோன்றவில்லை என்றால் காரணம் வேறு. வேரில் நீர் தேங்குகிறதா, வேர் தொட்டியை நிறைத்துவிட்டதா, மண்ணிலுள்ள நுண்ணிய நூற்புழுக்கள் உண்டாக்கும் முடிச்சுகள் வேரில் உள்ளனவா என்று பாருங்கள்.

மண்ணில் அன்னபேதியைப் போடுவது காரமண்ணில் வீண். சில நாளில் அதுவும் துருவாகிவிடும். மண்வழியாகவே கொடுக்க வேண்டுமானால் கொடுக்கிணைப்பு இரும்பு (துருவாகாதபடி வேறொரு சேர்மத்தால் பிடித்துவைக்கப்பட்ட இரும்பு, ஆங்கிலத்தில் கீலேட்) வாங்குங்கள். அதிலும் மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை, பி.எச். 6.5-க்குமேல் நிலைக்காது, காரமண்ணுக்கு இ.டி.டி.எச்.ஏ. வகை என்று உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் வேலை செய்வது அதுவே.

என் செடியை ஒரு புரட்டாசி மழைநாளில் வேரோடு பெயர்த்து, புதிய செம்மண் நிரப்பிய பெரிய தொட்டிக்கு மாற்றினேன். மார்கழியில் வந்த கொழுந்துகள் பச்சையாக விரிந்தன; பங்குனியில் பூத்தது.

ஏழாம் படி: கவாத்து (கிளைகளை வெட்டிவிடுதல்)

வெட்சி ஒவ்வொரு புதுத்தளிரின் நுனியிலும்தான் பூக்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்தால் கவாத்து தானாகப் புரியும். நுனியை ஓர் இலை இணைக்குச் சற்று மேலே வெட்டினால், அந்த இணையின் இரண்டு கக்கங்களிலிருந்தும் (இலை தண்டோடு சேரும் மூலைகள்) இரண்டு தளிர்கள் வரும். ஒரு கொத்து இருந்த இடத்தில் இரண்டு கொத்துகள் கிடைக்கும். அடுத்த முறை நான்கு. ஆனால் வேலியைச் சதுரமாக வைத்திருக்க வேண்டும் என்று இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கத்தரிப்பவர்கள், ஊசிபோல் கூர்ந்து திரண்டுகொண்டிருக்கும் மொட்டுகளையே வெட்டி எறிகிறார்கள். பல வேலிகள் பச்சையாக மட்டும் நிற்பதற்கு இதுவே காரணம். மலாய் மொழியில் இந்தச் செடிக்கு ஊசி என்னும் பொருளில் ஜாரும் ஜாரும் என்ற பெயர் அந்த மொட்டுகளைக் கொண்டுதான் அமைந்தது. கத்தரி எடுக்கும் முன் அந்த ஊசிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒரு சுற்றுப் பூ உதிர்ந்ததும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வெட்டிவிட்டு, அடுத்த சுற்று வரும்வரை தொடாமல் இருங்கள். வெயிலையும் வகையையும் பொறுத்து இரண்டு மாதம் வரை ஆகலாம். பல ஆண்டு கவனிக்காமல் உயர்ந்து அடியில் வெறுமையான செடியை மழைக்காலத் தொடக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டலாம். நாட்டு வெட்சி அதிலிருந்து தழைத்து எழும்.

பூச்சிகள்

பெரிய தொல்லைகள் இல்லாத செடி இது. இலையில் கரி படிந்ததுபோல் தெரிந்தால், மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ அசுவினியோ சுரக்கும் இனிப்பு நீரின்மேல் கரும்பூசணம் வளர்ந்திருக்கிறது. எறும்புச் சாரி அதற்கு முன்னறிவிப்பு. ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதிச் சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் பின்புறம் நனையும்படி மாலையில் வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் தெளியுங்கள். சில இலைகளை இழைத்துக் கூடுகட்டும் முசுறு எறும்பு செடியைத் தின்பதில்லை. பூப்பறிக்கும் கையைக் கடிக்கும் என்பதால் மட்டும் அந்தக் கிளையை வெட்டி அகற்றலாம்.

பூப்பறித்தல்

நீண்ட குழலின் அடியில் தேன் இருக்கும். நாக்கு நீண்ட வண்ணத்துப்பூச்சிகள்தாம் அதை எட்டும். வீட்டுக் குழந்தைகளும் நடுவிலுள்ள மெல்லிய சூலகத் தண்டை மெதுவாக உருவி, நுனியில் தொங்கும் ஒரு சொட்டை உறிஞ்சக் கற்றுக்கொள்வார்கள். மருந்து தெளித்த செடியாக இருந்தால் அன்றைக்குத் தடுத்துவிடுங்கள். முருகனுக்கோ சிவனுக்கோ சாற்றுவதற்கு உதிரிப்பூவாகக் கிள்ளாமல், கொத்துக்குக் கீழே முதல் இலை இணையின் மேல் கத்தரித்து முழுக்கொத்தாக எடுங்கள். பாதிப் பூ விரிந்து பாதி மொட்டாக இருக்கும் கொத்தைக் காலையில் எடுத்தால் இரண்டு மூன்று நாள் வாடாமல் இருக்கும். அப்படி எடுக்கும் ஒவ்வொரு கொத்தும் அந்தக் கிளைக்கு ஒரு கவாத்து என்பதால், நாள்தோறும் பூப்பறிக்கும் வீட்டில் இதற்கென்று தனியாகக் கத்தரி எடுக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை.